ஸ்டார்ட்அப் தொடங்க சொந்தப் பணமா, முதலீட்டாளர் பணமா?

ஸ்டார்ட்அப் தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "ஃபண்டிங் எப்படி வாங்குவது?" என்றுதான். வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி அதற்கும் முன்னால் வர வேண்டியது, ஆனால் அதைக் கேட்பவர்கள் குறைவு. யார் எத்தனை கோடி திரட்டினார்கள் என்பதுதான் செய்தியாகிறது. யாரிடமும் வாங்காமல் பத்து வருடமாக லாபத்தில் ஓடும் நிறுவனத்தைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை, அதனால் முதலீடு வாங்குவதே தொழிலின் முதல் படி என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

சரி, முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடுவோம். சொந்த நிதியில் நடத்துவது, அதாவது பூட்ஸ்ட்ராப்பிங், என்றால் உங்கள் சேமிப்பில் தொடங்கி, வாடிக்கையாளர் தரும் பணத்தில் செலவைச் சமாளித்து, மிஞ்சுவதைத் தொழிலிலேயே திரும்பப் போட்டு வளர்வது. வெளி முதலீடு என்றால் நிறுவனத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு அதற்குப் பணம் வாங்குவது. தன் சொந்தப் பணத்தைப் போடும் தனிநபரை ஏஞ்சல் முதலீட்டாளர் என்பார்கள். பலரிடம் திரட்டிய பணத்தை நிறுவனங்களில் போடும் அமைப்பு வென்ச்சர் கேபிடல், சுருக்கமாக வி.சி. இது கடன் இல்லை, தொழில் படுத்துவிட்டால் பொதுவாக நீங்கள் கைப்பணத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதனாலேயே இதை இலவசப் பணம் போல நினைக்கிறவர்கள் உண்டு. தொழில் நன்றாக வளர்ந்துவிட்டால் நீங்கள் வாங்கியதிலேயே விலை அதிகமான பணம் இதுதான். கடன் வட்டியோடு ஒருநாள் தீர்ந்துவிடும், விற்ற பங்கோ தொழில் வளர வளரத் தானும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் தொழிலில் பணம் எப்போது வெளியே போகிறது, எப்போது உள்ளே வருகிறது என்று பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. பொருள் வாங்கி விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 10 லட்சம், அதற்கான சரக்கின் விலை 6 லட்சம். சரக்குக்கு 2 மாதம் முன்பே பணம் கட்ட வேண்டும், விற்ற பிறகு வாடிக்கையாளர் பணம் கொடுக்க இன்னும் 2 மாதம் ஆகும். அப்படியென்றால் எந்த நேரத்திலும் 4 மாதச் சரக்கின் விலை, அதாவது 24 லட்சம், வெளியில் முடங்கிக் கிடக்கும். விற்பனை இரண்டு மடங்காகிறது, மகிழ்ச்சி; ஆனால் அதைத் தாங்க இன்னொரு 24 லட்சம் வேண்டும், அதுவும் லாபம் கைக்கு வருவதற்கு முன்பே. கணக்குப் புத்தகத்தில் லாபம் இருக்கும், வங்கியில் சம்பளம் போடப் பணம் இருக்காது. நஷ்டத்தால் மூடும் தொழில்கள் உண்டு, வேகமாக வளர்ந்ததாலேயே பணம் தீர்ந்து மூடும் தொழில்களும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் எதிர்பாராத அடியாக வருகிறது.

இதையே திருப்பிப் பாருங்கள். மென்பொருள் விற்கிறீர்கள், வாடிக்கையாளர் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிடுகிறார். அவர் கொடுத்த பணத்தில்தான் அந்த ஓராண்டும் அவருக்குச் சேவை செய்கிறீர்கள். இங்கே வாடிக்கையாளரே உங்கள் முதலீட்டாளர், அவர் பங்கும் கேட்பதில்லை. டெல் நிறுவனம் 1990களில் கணினி விற்பனையையே இப்படி நடத்தியது. வாங்குபவர் ஆர்டரோடு பணம் கொடுத்துவிடுவார், உதிரிபாகம் தந்தவர்களுக்கு அதற்குப் பிறகுதான் பணம் போகும், ஆக விற்பனை கூடக்கூடக் கையில் பணமும் கூடியது. வன்பொருள் என்றாலே பெரும் முதல் வேண்டும் என்று நினைத்த காலத்தில் பணம் வரும் வரிசையை மாற்றியே அவர்கள் அதைச் செய்தார்கள். 1984-ல் மைக்கேல் டெல் அந்தத் தொழிலைத் தொடங்கியது 1,000 டாலரில்.

இன்னொரு பக்கம், சில தொழில்களில் முதல் வருமானம் வருவதற்கே பல ஆண்டுகள் ஆகும். புதிய மருந்து ஒன்றை ஆய்வகத்திலிருந்து நோயாளி கைக்குக் கொண்டுவரப் படிப்படியாக மனிதர்களிடம் சோதனை செய்து, அனுமதி வாங்கி, அதற்குப் பிறகுதான் விற்க முடியும். பத்தாண்டுக்கு மேலாவதும் சாதாரணம். இதைச் சேமிப்பில் செய்கிறேன் என்பது துணிச்சல் இல்லை, நடக்காத காரியம். புது வகைச் சிப், ராக்கெட், பேட்டரித் தொழிற்சாலை எல்லாம் இந்தப் பக்கம்தான். இங்கே வெளிப்பணம் வேண்டுமா என்ற கேள்வியே எழாது, யாருடைய பணம் என்பது மட்டும்தான் கேள்வி.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இரண்டு வருடம் மெதுவாகப் போனால் என்ன இழப்பீர்கள்? பயனர்கள் சேரச் சேரத்தான் பயன் கூடும் தொழில்கள் இருக்கின்றன. செய்திச் செயலி, வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்கும் தளம் போன்றவை. அங்கே முதலில் பெரிதானவரிடம் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், தாமதித்தவருக்கு மிச்சம் அதிகம் இருக்காது. ஆனால் என் தொழிலும் அப்படித்தான் என்று ஏறக்குறைய எல்லாருமே நம்பிக்கொள்கிறார்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம். கணக்கு எழுதும் மென்பொருளை இன்று ஒருவர் விற்றால், அடுத்த வருடம் இன்னொருவர் அதைவிட நன்றாகச் செய்து விற்பதை எதுவும் தடுப்பதில்லை. பெரும்பாலான தொழில்கள் இப்படிப் பலருக்கும் இடம் தருபவைதான்.

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் மென்பொருளான மெயில்சிம்ப் அதற்கு நல்ல உதாரணம். 2001-ல் ஒரு வலைத்தள வடிவமைப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காகப் பக்கவாட்டில் செய்த வேலையாகத்தான் அது தொடங்கியது. வடிவமைப்பு வேலையில் வந்த பணம் சாப்பாடு போட்டது, மின்னஞ்சல் மென்பொருள் மெல்ல வளர்ந்தது. வெளி முதலீடு வாங்கவே இல்லை. 2021-ல் இன்ட்யூட் நிறுவனம் அதை ஏறக்குறைய 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரே துறையில் இரண்டு வழியும் ஜெயித்ததற்கு உதாரணம் வேண்டுமென்றால் ஜோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் இருக்கின்றன. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ வி.சி. பணத்தைத் தொடாமல் வளர்ந்தது. அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் அடுத்தடுத்து முதலீடு வாங்கி 2021-ல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. இரண்டும் வணிகங்களுக்கு மென்பொருள் விற்பவைதான். இரண்டாவது 11 ஆண்டில் பங்குச்சந்தைக்குப் போனது, முதலாவது எந்த அவசரமும் இல்லாமல் தனக்குப் பிடித்த பொருள்களையெல்லாம் செய்து பார்க்கிறது. தொழில் அனுமதித்தால் இரண்டும் முடியும், அப்போது நீங்கள் என்ன வாழ்க்கை வாழ விரும்புகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும்.

இதற்கு அப்புறம் வருவதுதான் ஆரம்பத்தில் யாரும் சரியாக விளக்காத பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வி.சி. ஃபண்ட் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் அவர்களிடம் பணம் வாங்கக் கூடாது.

வி.சி.யிடம் இருப்பது அவர்கள் சொந்தப் பணம் இல்லை. ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், பெரும் பணக்காரர்கள் என்று பலர் கொடுத்தது, வழக்கமாக 10 ஆண்டுகளுக்குள் பெருக்கித் திருப்பித் தர வேண்டியது. 100 கோடி ஃபண்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதை 25 நிறுவனங்களில் போடுகிறார்கள், 10 ஆண்டில் 300 கோடியாக்க வேண்டும் என்பது இலக்கு. அந்த 25-ல் பல ஒன்றுமில்லாமல் போகும், சில போட்ட பணத்தை மட்டும் தரும், ஒன்றோ இரண்டோதான் மொத்த ஃபண்டையும் தூக்கி நிறுத்த வேண்டும். இப்போது உங்கள் நிறுவனத்தில் அவர்களுக்கு 15% இருக்கிறது, 20 கோடிக்கு விற்க ஒரு நல்ல வாய்ப்பு வருகிறது. பெரும்பங்கு கையில் இருந்தால் உங்களுக்கு அது வாழ்க்கையையே மாற்றும் பணம். அவர்களுக்குக் கிடைப்பது 3 கோடி, 300 கோடி இலக்கில் அது கண்ணுக்கே தெரியாது. அதே நிறுவனம் 1,000 கோடிக்குப் போனால் 150 கோடி, பாதி இலக்கு ஒரே அடியில். ஆகவே 20 கோடியில் நிற்பதைவிட, 1,000 கோடிக்கு முயன்று மூழ்கினாலும் பரவாயில்லை என்பதுதான் அவர்கள் கணக்கில் நியாயமான முடிவு. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களிடம் 25 நிறுவனங்கள் இருக்கின்றன, உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் ஒரே ஆபத்து இருவருக்கும் ஒரே அளவாகத் தெரியாது.

எனவே பணம் வாங்கும் நாளிலேயே நீங்கள் ஒன்றுக்குச் சம்மதிக்கிறீர்கள்: இந்த நிறுவனம் மிகப் பெரிதாகும், பத்தாண்டுக்குள் விற்கப்படும் அல்லது பங்குச்சந்தைக்குப் போகும். நிதானமாக லாபம் ஈட்டி, வருடாவருடம் நீங்கள் எடுத்துக்கொள்ளும் தொழில் என்பது அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

கம்ரோடில் நடந்ததைப் பாருங்கள். படைப்பாளிகள் தங்கள் டிஜிட்டல் பொருள்களை நேரடியாக விற்க உதவும் தளம், 2011-ல் சாஹில் லவிங்கியா தொடங்கியது. கிட்டத்தட்ட 80 லட்சம் டாலர் முதலீடு வாங்கினார். தொழில் வளர்ந்தது, மக்கள் பயன்படுத்தினார்கள், ஆனால் அடுத்த சுற்று முதலீட்டுக்குத் தேவையான வேகம் இல்லை. 2015-ல் ஊழியர்களில் பெரும்பாலானவர்களை அனுப்ப வேண்டி வந்தது. அதன் பிறகு அதைச் சிறிய அளவில் நடத்தி லாபத்துக்குக் கொண்டுவந்தார், பிரதான முதலீட்டாளர் தன் பங்கை 1 டாலருக்கு அவருக்கே திருப்பி விற்றுவிட்டு விலகினார். அந்தத் தொழில் தோற்கவில்லை, முதலீடு கேட்ட அளவுக்கு அது பெரிதாகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஒப்பந்தத்தின் எண்கள். பங்கு குறைவது எளிமையான கணக்கு. இரண்டு நிறுவனர்கள், ஆளுக்கு 50%. முதலீட்டுக்கு முன் நிறுவனத்தின் மதிப்பு 4 கோடி என்று பேசி, 1 கோடி வாங்குகிறீர்கள். இப்போது மதிப்பு 5 கோடி, முதலீட்டாளருக்கு 20%. அதோடு ஊழியர்களுக்காக 10% ஒதுக்கச் சொல்வார்கள், வழக்கமாக அது உங்கள் பங்கிலிருந்துதான் போகும். ஆளுக்கு 35% மிஞ்சும். அடுத்த சுற்றில் இன்னொரு 20% போனால் ஆளுக்கு 28, அதற்கடுத்த சுற்றிலும் 20% போனால் 22.4. மூன்று சுற்றில் இருவரும் சேர்ந்தாலும் பாதிக்குக் கீழே வந்துவிட்டீர்கள். பெரிய நிறுவனத்தில் சின்னப் பங்கு, சின்ன நிறுவனத்தில் முழுப் பங்கைவிட அதிகமாக இருக்கலாம், அது உண்மைதான். நிறுவனம் பெரிதானால் மட்டும்.

ஆனால் எல்லோரும் சதவீதத்திலேயே கண்ணாக இருக்கும்போது, கையெழுத்திடும் தாளில் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கும்: லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ். நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை. மொத்தம் 10 கோடி வாங்கியிருக்கிறீர்கள், முதலீட்டாளர்களுக்கு 40% பங்கு. நிறுவனம் 12 கோடிக்கு விற்கப்படுகிறது. 40% என்பதால் அவர்களுக்கு 4.8 கோடி, மீதி நமக்கு என்று நினைப்பீர்கள். இல்லை. அவர்கள் போட்ட 10 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் 2 கோடியைத்தான் நிறுவனர்களும் ஊழியர்களும் பிரித்துக்கொள்ள வேண்டும். 30 கோடிக்கு விற்றால் 40% என்பதே 12 கோடி ஆகிவிடுவதால் அவர்கள் முதலில் எடுக்கும் உரிமையை விட்டுவிட்டுச் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்வார்கள், உங்கள் பக்கம் 18 கோடி. இது பரவலாக இருக்கும் வடிவம், நியாயமானதும்கூட. பார்டிசிபேட்டிங் என்ற சொல் அதில் சேர்ந்திருந்தால் கதை வேறு: முதலில் 10 கோடி, அப்புறம் மிச்சம் 20-லும் 40%, ஆக 18 கோடி அவர்களுக்கு, 12 கோடி உங்களுக்கு. ஒரே விற்பனை, ஒரே சதவீதம், ஒரு சொல்லில் 6 கோடி இடம் மாறுகிறது. போட்டதில் 2 மடங்கு முதலில் என்று எழுதியிருந்தால் அந்த 12 கோடி விற்பனையில் உங்களுக்கு எதுவுமே இல்லை. ஸ்டார்ட்அப் ஒப்பந்தங்களில் அனுபவமுள்ள வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னும் சில விஷயங்களும் அந்தத் தாளில் இருக்கும். இயக்குநர் குழுவில் அவர்களுக்கு இடம், நிறுவனத்தை விற்கவோ புதிய பங்கு வெளியிடவோ அவர்கள் சம்மதம் வேண்டும் என்ற விதி, உங்கள் சொந்தப் பங்கே 4 ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உங்களுடையதாகும் என்ற வெஸ்டிங் ஏற்பாடு. கடைசியாகச் சொன்னது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் இரண்டு நிறுவனர்கள் இருந்தால் முதலீட்டாளரே இல்லாவிட்டாலும் அதை வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதத்தில் ஒருவர் விலகிப் பாதி நிறுவனத்தோடு போய்விடாமல் அது காக்கும்.

சொந்தப் பணம்தான் சிறந்தது என்ற பக்கம் நான் சாய்வதுபோலத் தோன்றலாம். அதிலும் உண்மையான ஆபத்து இருக்கிறது, அது உங்கள் வீட்டுக்குள்ளேயே வரும் ஆபத்து. முதலீட்டாளர் பணம் போனால் நிறுவனம் போகிறது. உங்கள் சேமிப்பு போனால் குடும்பத்தின் மருத்துவச் செலவும் பிள்ளையின் படிப்பும் போகிறது. வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் நிறுவனத்தை மூடிய பிறகும் கடன் உங்களைத் துரத்தும். ஆகவே தொடங்கும் முன்பே ஒரு தொகையை எழுதி வையுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும். இதுவரைக்கும்தான், இதற்கு மேல் போட மாட்டேன் என்று. பணம் கரையும்போது எடுக்கும் முடிவை நம்ப முடியாது, தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். உங்களுக்கே சம்பளம் எடுக்காமல் வேலை செய்வதையும் செலவில் சேருங்கள். மாதம் 1 லட்சம் சம்பாதிக்கக்கூடியவர் இரண்டு வருடம் சும்மா உழைத்தால் 24 லட்சம் போட்டதாகத்தான் அர்த்தம்.

இன்னொரு சிக்கல் மெதுவாக வருவது. பணம் வேண்டுமே என்று வாடிக்கையாளர் கேட்கும் தனி வேலைகளையெல்லாம் செய்து கொடுப்பீர்கள், ஒருவருக்கு இது, இன்னொருவருக்கு அது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் பத்துப் பேருக்கு வேலை செய்து கொடுக்கும் சேவை நிறுவனம் இருக்கும், நீங்கள் செய்ய நினைத்த பொருள் இருக்காது. அதைத் தவிர்க்க, சேவையில் வரும் நேரத்திலும் பணத்திலும் இவ்வளவு பொருளுக்கு என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிடுவதுதான் ஓரளவுக்கு உதவும்.

பணம் அதிகம் இருந்தாலே பிழைத்துவிடலாம் என்பதும் இல்லை. கைப்பேசிக்கென்று குறும் நிகழ்ச்சிகள் தயாரித்த குவிபி 175 கோடி டாலர் திரட்டி, 2020 ஏப்ரலில் சேவையைத் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நிறுத்திவிட்டது. மக்களுக்கு வேண்டுமா என்பதைச் சின்னதாகச் சோதித்துப் பார்க்காமல் பெரிதாகக் கட்டிவிட முடிந்ததே அந்தப் பணத்தால்தான். கையில் பணம் குறைவாக இருப்பவர் முதல் மாதமே யாரிடமாவது விற்றுப் பார்த்தாக வேண்டும், அந்தக் கட்டாயம் நிறைய வீண் வேலையைத் தடுக்கும்.

தெளிவில்லாமல் இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் சொந்தமாகத் தொடங்குங்கள், முதலீட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் சொந்தமாகத் தொடங்கியவர் பிறகு முதலீடு வாங்கலாம், வாங்கியவர் திரும்பிப் போவது மிகக் கடினம். மென்பொருள் நிறுவனமான அட்லாசியன் 2002-ல் கிரெடிட் கார்டுக் கடனில் தொடங்கியது, வெளி முதலீடு வாங்கியது 2010-ல், 6 கோடி டாலர், அதற்குள் அது லாபத்தில் இருந்த நிறுவனம். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2008-ல் தொடங்கி 2012 வரை சொந்த வருமானத்தில் ஓடி, அப்புறம்தான் 10 கோடி டாலர் வாங்கியது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. இவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தபோது முடியாது என்று எழுந்து போகும் நிலையில் இருந்தார்கள். சம்பளம் போட இரண்டு மாதப் பணம் மட்டும் கையில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. முதலீடு திரட்டுவதற்கே பல மாதம் ஆகும், அவ்வளவு நாளும் நிறுவனர் தொழிலைப் பார்க்க முடியாது, ஆகவே பணம் தீரப்போகும்போது தேடத் தொடங்குவது மிக மோசமான நேரம்.

இரண்டுக்கும் நடுவில் சிறு வழிகளும் உண்டு. பெரிய வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்கலாம். அரசு மானியம் கிடைக்கும் துறையாக இருந்தால் பங்கே போகாது. மாத வருமானத்தில் ஒரு சதவீதமாகத் திருப்பிக் கட்டி, பேசிய தொகை முடிந்ததும் கணக்குத் தீர்ந்துவிடும் வருமான அடிப்படைக் கடன் இருக்கிறது, ஏற்கெனவே சீரான விற்பனை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். உறவினர், நண்பர்களிடம் வாங்கினால் இது கடனா பங்கா என்று எழுத்தில் வையுங்கள், போனால் முழுதும் போகலாம் என்பதை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

முதலீடு வாங்குவது என்றே முடிவு செய்தால் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த முதலீட்டாளர் பணம் போட்ட பழைய நிறுவனங்களின் பட்டியலை எடுத்து, அதில் ஜெயிக்காமல் போன இரண்டு மூன்று நிறுவனர்களைத் தேடிப் பேசுங்கள். வெற்றிபெற்றவர்கள் எல்லாரும் தங்கள் முதலீட்டாளரைப் பற்றி நல்லதாகவே சொல்வார்கள். தொழில் சரிந்த மாதங்களில் அவர் தொலைபேசியை எடுத்தாரா, ஊழியர்களுக்குக் கடைசிச் சம்பளம் போட ஒத்துக்கொண்டாரா, அடுத்த வேலை தேட உதவினாரா என்று அவர்களிடம்தான் கேட்க முடியும். வணிகங்களுக்கு வீடியோ மென்பொருள் விற்கும் விஸ்டியா நிறுவனம் 1.73 கோடி டாலர் கடன் வாங்கி, முன்பு முதலீடு செய்தவர்களின் பங்கை விலைகொடுத்துத் திரும்ப வாங்கியது, இனி தங்கள் வேகத்திலேயே நடத்துவதற்காக. அதைச் செய்ய லாபமும் வேண்டும், விலக ஒப்புக்கொள்ளும் முதலீட்டாளர்களும் வேண்டும். ஐந்தாறு வருடம் கழித்து நிறுவனம் நன்றாக ஓடி, ஆனால் பெரிதாக வளராமல் இருந்தால் என்ன செய்வோம், உங்களிடம் இருக்கும் பங்கை எந்த விலைக்கு நாங்கள் திரும்ப வாங்கலாம் என்பதை முதல் பேச்சிலேயே கேட்டு, கிடைக்கும் பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.